‘நாட்’ விமானமும் அதன் வால் கோளாறும்

இந்திய விமானப்படை வரலாற்றில் ‘நாட்’ என்ற குட்டிப் போர் விமானத்துக்குத் தனி இடம் உண்டு. ‘நாட்’ என்றால் கொசு மாதிரியான ஒரு சின்னப் பூச்சி. பெயருக்கு ஏற்ற உருவம்தான். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை ஏழு மீட்டர்கூட இல்லை. இங்கிலாந்தின் ஃபோலண்ட் நிறுவனத்திடம் 1956-ல் உரிமம் வாங்கி, பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் இதைத் தயாரித்தார்கள்.

1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட் விமானங்களை எதிர்த்து நின்றதால் ‘சேபர் ஸ்லேயர்’ என்ற பட்டம் கிடைத்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் தனியாகப் போரிட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியதும் ‘நாட்’தான். அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

ஆனால் இந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு கோளாறும் இருந்தது.

விமானத்தின் மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் வால் பகுதியின் வேலை. ‘நாட்’ விமானத்தில் வாலின் கிடைத்தகடு முழுவதுமே ஹைட்ராலிக் விசையால் அசையும். அதிவேகத்தில் இது பெரிய வசதி.  ஆனால் அந்த விசை பழுதானால் விமானியின் பாடு திண்டாட்டம்தான். தரைக்கு அருகில் பறக்கும்போது மூக்கு தானாக ஏறினாலோ இறங்கினாலோ சரிசெய்ய நேரமே இருக்காது.

இது இந்தியாவில் மட்டும் இருந்த பிரச்சினை அல்ல. ஃபின்லாந்தும் இதே விமானத்தை வாங்கியிருந்தது. 1958-ல் ஹைட்ராலிக் கோளாறால் ஒரு விமானம் அழிந்ததும், மற்ற எல்லாவற்றையும் சுமார் ஆறு மாதம் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தார்கள்.

போர்க்காலத்தில் இந்தியாவால் அப்படி நிறுத்தி வைக்க முடியுமா? விமானிகள் அந்தக் குறையோடு பழகிக்கொண்டே பறந்தார்கள்.

முழுமையான தீர்வு 1971 போருக்குப் பிறகுதான் வந்தது. எச்.ஏ.எல். வால் கட்டுப்பாட்டு அமைப்பைத் திருத்தியது. எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்ததால், இறக்கைக்கு அடியில் ஆயுதங்களுக்கு இடம் கிடைத்தது. இப்படி உருவான ‘அஜீத்’ 1975 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்தது. ‘அஜீத்’ என்றால் வெல்ல முடியாதவன். 1991 வரை அது பணியில் இருந்தது.

சேபரை வீழ்த்திய கதை எல்லோருக்கும் தெரியும். வாலைச் சரிசெய்த பொறியாளர்களையும், திருத்தம் சரிதானா என்று பறந்து பார்த்த சோதனை விமானிகளையும் யாரும் பேசுவதில்லை. எதிரி இல்லாத வானத்தில் விமானிகளின் உயிரைக் காத்தது அவர்கள் வேலைதான்.