சேதுபதி மரபு: காவலும் கொடையும் வாக்குச்சீட்டும்

1. ஆய்வுப் பொருள்

சாயல்குடியை அடுத்த மாரியூரில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பூவேந்தியநாதர் கோயிலில் வலைவீசும் படலம் நடக்கும். சிவபெருமான் மீனவராக வந்து கடலில் சுறாவை அடக்கும் திருவிளையாடல் அது. இக்கோயில் இன்றும் இராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. அச்சமஸ்தானத்தை ஆண்ட சேதுபதிகள் அரசுரிமையை 1795இல் இழந்தார்கள். ஜமீனும் 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தோடு போயிற்று. இரண்டும் போன பின்னும் கோயில் பொறுப்பு நின்றது எப்படி? சேதுபதிகள் மூன்று நூற்றாண்டுச் செல்வாக்கோடு வந்து வாக்குப்பெட்டியைச் சந்தித்தவர்கள். இக்கட்டுரை அக்கேள்வியை முன்வைத்து அந்தச் சந்திப்பை ஆராய்கிறது.

2. காவல்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் ஆதரவுடன் போகலூரில் சடைக்கத் தேவர் பொறுப்பேற்றார். இராமேசுவரத்துச் சேதுவுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வழிக்காவல் தருவதே மரபின் முதற்கடமை. 1710இல் மறைந்த கிழவன் சேதுபதி தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றினார். அங்குள்ள இராமலிங்க விலாசத்தின் சுவரோவியம் ஒன்றில், மதுரை நாயக்க மன்னர் சேதுபதிக்கு இரத்தினாபிஷேகம் செய்கிறார். நாயக்கர் ஆதரவில் தொடங்கிய மரபு, ஒரே நூற்றாண்டில் தன்னை எந்த உயரத்தில் நிறுத்திப் பார்த்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கினர். அவர் சென்னையில் காவலிலேயே 1809இல் இறந்தார். 1803 முதல் சீமை ஜமீனாயிற்று. வாளும் படையும் போய்த் தீர்வையும் தருமமும் மட்டும் மிஞ்சின.

3. கொடையும் அதன் மறுபக்கமும்

மரபின் மிகச் சிக்கலான பகுதி பாஸ்கர சேதுபதியின் (1868–1903) காலம். விவேகானந்தரைச் சிகாகோ செல்லத் தூண்டியவர் அவர். 1897 ஜனவரியில் சுவாமி பாம்பனில் இறங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களோடு சேதுபதி தாமும் வண்டியை இழுத்தார். அவருடைய உறவினர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். தமிழுக்கு இக்குடும்பம் செய்ததை எவரும் மறுக்க முடியாது.

ஆனால் அதே 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள், அனுமதி மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் நுழைந்தனர். பரம்பரை அறங்காவலர் என்ற உரிமையில் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. பாம்பனில் வண்டியிழுத்த கையும் கமுதியில் கதவடைத்த கையும் ஒருவருடையவையே. இவற்றில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிடும் வரலாறு பாதி வரலாறுதான். என் பார்வையில் இது தனிமனிதர் குணத்தின் முரண் மட்டுமன்று. பரம்பரைப் பொறுப்பு அள்ளிக் கொடுக்கும் அதிகாரத்தையும் ஆளைத் தடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே ஒருவர் கையில் தந்துவிடுகிறது.

4. வாக்குச்சீட்டு

1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரான பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், இராமநாதபுரம் ராஜாவைத் தோற்கடித்தார். சீமையின் குடிகள் சமஸ்தானத்துக்கு ‘இல்லை’ என்றார்கள். 1939இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. மதுரையில் நடந்த ஆலயப் பிரவேசத்துக்குத் துணைநின்றவர்களில் அதே தேவரும் ஒருவர். பிரிவி கவுன்சில் பூட்டிய கதவை, வாக்களித்துத் தேர்ந்த சட்டமன்றம் திறந்தது.

மரபு அத்துடன் அழியவில்லை. சண்முக ராஜேஸ்வர சேதுபதி 1952 முதல் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைக் கவனித்தார். பரம்பரைப் பெயருக்கு மக்கள் இடம் கொடுத்தார்கள், ஆனால் கேட்டு வாங்க வேண்டிய இடமாக.

5. இனிச் செய்ய வேண்டியது

எஸ். எம். கமால் சேதுபதிகளின் செப்பேடுகளைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். அவை கொடுத்தவர் தரப்புக் கணக்கு. அந்தக் கொடைக்குத் தீர்வை கட்டிய குடிகளின் பட்டாக்கள், ரசீதுகள், கோயில் மண்டகப்படிக் குறிப்புகள் கடற்கரைக் கிராம வீடுகளில் இருந்தால், மாரியூர், வாலிநோக்கம், சாயல்குடிப் பகுதி இளைஞர்கள் அவற்றைக் கரையான் அரிக்குமுன் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும்.