ஊதியமில்லாத 600 மணி நேரம்: அமெரிக்காவில் ஆற்றுப்படுத்துதல் பயில்வோருக்கான உதவிகள்

மனம் உடைந்தவரின் அருகில் அமர்ந்து செவிமடுப்பதை நம் பங்குகளில் ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். உளவள ஆலோசனை என்றும் கவுன்சலிங் என்றும் சொல்வதுண்டு. அமெரிக்காவில் இதைத் தொழிலாகச் செய்ய மாநில அரசின் உரிமம் வேண்டும். 1976-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலம் இதற்கு முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. கடைசியாக 2009-இல் கலிபோர்னியா இயற்றியது. உரிமத்திற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம்.

அங்கு குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளும், இங்கிருந்து மாணவர் விசாவில் செல்வோரும் இப்படிப்பில் சேரும்போது, பெற்றோர் முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்கிறோம்: பயிற்சிக் காலத்தில் பிள்ளை எதைக் கொண்டு சாப்பிடும், எதைக் கொண்டு வாடகை கொடுக்கும்?

ஏன் இப்படிக் கேட்கிறோம்? இப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் காக்ரெப் என்ற அமைப்பின் விதிப்படி, மாணவர் 60 கிரெடிட் பாடங்களோடு 100 மணி நேர முதற்கட்டப் பயிற்சியும், அதன்பின் 600 மணி நேரக் களப்பயிற்சியும் முடிக்க வேண்டும். அந்த 600-இல் 240 மணி நேரமாவது உதவி தேடி வருவோரோடு நேரடியாகச் செலவிட வேண்டும். வாரந்தோறும் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையும் உண்டு. விதியில் குறையில்லை. பழகாத கையில் உடைந்த மனதை யார் ஒப்படைப்பார்கள்? ஆனால் இந்த மணி நேரங்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. அதற்கும் மாணவரே கிரெடிட் கட்டணம் செலுத்துகிறார். பகலில் கடையில் வேலை பார்த்து மாலையில் படித்தவர், இப்போது பகல் வேலையைக் குறைத்தாக வேண்டும். வசதியற்ற மாணவர் தடுமாறும் இடம் வகுப்பறை அல்ல, இதுதான்.

இந்த இடத்திற்கென்றே வந்த உதவி ஒன்று உண்டு. 2012 டிசம்பரில் நியூடவுன் நகரப் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்திற்குப் பின், மனநலப் பணியாளர்களைப் பெருக்க அமெரிக்க மத்திய அரசு 2014-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பணத்தைச் சுகாதாரத் துறையின் கீழுள்ள ஹெர்சா முகமை பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும். அவை களப்பயிற்சியில் இருக்கும் மாணவருக்குக் கொடுக்கும். முதுகலை மாணவருக்குப் பொதுவாக 10,000 டாலர் கிடைத்து வந்திருக்கிறது. மாணவர் தனியாக அரசுக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால், சேரும் துறைக்கு அந்த மானியம் இருக்கிறதா, எந்த ஆண்டோடு முடிகிறது என்று கேட்பதே வழி. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவருக்கு இது கிடையாது.

சிறுபான்மையினருக்குப் பணிபுரிய விரும்புவோருக்கான மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகைத் திட்டம் 1974-இலேயே உளவியலாளர்களுக்காகத் தொடங்கியது. ஆற்றுநர்களுக்கு அதில் இடம் கிடைக்க 2012 வரை ஆனது. அவர்களுக்கான சான்றிதழ் வாரியத்தின் அறக்கட்டளை வழியாக அது வந்தது.

மானியத்தை நம்பும்போது எச்சரிக்கையும் தேவை. யுவால்டே பள்ளித் துயரத்திற்குப் பின் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம், பள்ளி மனநலப் பணிக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. பள்ளி ஆலோசகராகப் பயிலும் மாணவர் பலருக்கு அதிலிருந்து உதவி கிடைத்தது. 2025 ஏப்ரலில் கல்வித் துறை அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. 16 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். படிப்பின் நடுவில் இருந்த மாணவர் அடுத்த மாத வாடகைக்கு எங்கே போவார்?

கடனும் சுருங்குகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவர் மத்திய அரசிடமிருந்து ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் வரைதான் பெறலாம். தொழில்முறைப் படிப்புகளுக்கு வரம்பு இரு மடங்கு அல்லது அதற்கு மேல் செல்கிறது. 2025 நவம்பரில் கல்வித் துறையின் குழு ஏற்றுக்கொண்ட வரையறையில் இறையியல் தொழில்முறைப் படிப்பாக இடம்பெற்றது, ஆற்றுப்படுத்துதல் இடம்பெறவில்லை. இறையியல் கற்றோரை நாம் மதிக்கிறோம்; ஆனாலும் இந்தப் பிரிவினை நமக்கு விளங்கவில்லை.

உரிமம் பெற்றபின் கடனை இறக்கி வைக்க இரண்டு வழிகள் உள்ளன. பணியாளர் பற்றாக்குறையுள்ள பகுதியில் இரண்டாண்டு முழுநேரம் பணியாற்றினால், தேசிய சுகாதாரப் பணிப்படை 50,000 டாலர் வரை கடனை அடைக்கிறது. மற்றது 2007-இல் வந்த பொதுப்பணிக் கடன் தள்ளுபடி: இலாப நோக்கற்ற நிறுவனத்தில் முழுநேரம் பணிபுரிந்தபடி 120 மாதத் தவணைகள் கட்டியபின், மீதி தள்ளுபடியாகும். மறைமாவட்டச் சமூகப் பணி நிறுவனங்களில் சேர்வோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். முன்பு வழிபாட்டிற்கும் மறைபோதனைக்கும் செலவிட்ட நேரம் முழுநேரக் கணக்கில் சேராது. 2021 ஜூலை முதல் அந்தத் தடை நீங்கியது.

மாணவர் விசாவில் செல்வோருக்கு மேற்சொன்ன அரசு உதவிகள் கிடையாது. அவர்கள் நாட வேண்டியது பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும் உதவியாளர் பணி. வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரம் வரை உழைக்கலாம். சில இடங்களில் கட்டணமும் குறையும். வளாகத்திற்கு வெளியே களப்பயிற்சி தொடங்குமுன், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி பெற்றுவிட வேண்டும்.

முன்பணம் கட்டுமுன் துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். கடந்த ஆண்டு களப்பயிற்சி செய்தவர்களில் எத்தனை பேருக்கு உதவித்தொகை கிடைத்தது, எத்தனை பேருக்குப் பயிற்சி இடமே ஊதியம் கொடுத்தது, மானியம் நடுவில் நின்றால் துறை என்ன செய்யும் என்று அதில் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.