"ஆம் என்றால்தான் என்ன?": 2008 அமெரிக்கத் தேர்தலும் ஒரு வதந்தியின் வரலாறும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ராபிட்ஸ் என்றொரு நகரம் உண்டு. 1934 ஆம் ஆண்டு அங்கு குடியேறிய முஸ்லிம்கள் எழுப்பிய எளிய பள்ளிவாசல் இன்றும் 'தாய்ப் பள்ளிவாசல்' என்ற பெயருடன் நிற்கிறது. 2007 டிசம்பரில் அந்நகரின் பள்ளிவாசல் ஒன்றில் கூட்டம் நடத்த ஏற்பாடானது. அமெரிக்க நாடாளுமன்றத்திற்குத் தேர்வான முதல் முஸ்லிமான கீத் எலிசன், பராக் ஒபாமாவுக்கு ஆதரவு திரட்ட அங்கு வந்து பேச முன்வந்தார். ஆனால், இது வீண் சர்ச்சையைக் கிளப்பும் என்று கூறி அப்பயணத்தை ரத்து செய்யும்படி ஒபாமாவின் தேர்தல் குழுவினரே அவரைக் கேட்டுக்கொண்டனர்.

தமக்காக வாக்குக் கேட்க வந்தவரையே தடுக்கும் நிலை ஏன் வந்தது? அதற்கு அன்று இணையத்தில் நடந்த விவாதத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தலைவர்கள் மட்டும் கூடி முடிவு செய்வதில்லை. பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். 2008 இல் ஜனநாயகக் கட்சியில் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஜனவரி முதல் ஜூன் வரை போட்டியிட்டனர். அந்த மாதங்களில் வாக்காளர்களின் மின்னஞ்சல் பெட்டிகளில் ஒரு செய்தி கைமாறிக்கொண்டே இருந்தது: ஒபாமா இரகசிய முஸ்லிம், சிறுவயதில் இந்தோனேசியாவில் மத்ரஸாவில் பயின்றவர், செனட்டராகக் குர்ஆன் மீது கைவைத்துப் பதவிப் பிரமாணம் எடுத்தவர்.

இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. 2007 ஜனவரியிலேயே சி.என்.என். செய்தியாளர் ஜகார்த்தாவுக்கு நேரில் சென்று, அது பல மதத்துப் பிள்ளைகளும் படிக்கும் சாதாரண அரசுப் பள்ளி என்று காட்டிவிட்டார். ஒபாமா பிரமாணம் எடுத்தது பைபிள் மீது. நாடாளுமன்ற உறுப்பினராகக் குர்ஆனுடன் பிரமாண நிகழ்வில் நின்றவர் எலிசன். அதுவும் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனிடம் இருந்த குர்ஆன் மொழிபெயர்ப்புப் பிரதி. இருவரின் செய்தியும் ஒன்றாகக் குழைக்கப்பட்டுப் பரப்பப்பட்டது.

இன்னொரு விந்தையும் உண்டு. 2008 மார்ச்சில், ஒபாமா இருபதாண்டுகளாகச் சென்றுவந்த சிகாகோ தேவாலயத்தின் போதகர் ஜெரமையா ரைட்டின் பிரசங்கங்கள் பெரும் சர்ச்சையாயின. அவருடைய கிறிஸ்தவப் போதகரைக் காட்டியும் அவர்மீது குற்றம் சுமத்தினர். அவர் கிறிஸ்தவரே அல்லர் என்றும் கூறினர். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில் உலவின. வெறுப்புக்குத் தர்க்கம் தேவைப்படுவதில்லை.

ஒபாமாவின் தரப்பு சொன்ன பதில் ஒன்றே: "அவர் முஸ்லிம் அல்லர்; கிறிஸ்தவர்." அது உண்மையான பதில். ஆனால் முழுமையான பதிலா? முஸ்லிம் என்பது மறுக்க வேண்டிய பழிச்சொல் என்று அந்தப் பதிலும் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறதே! அமெரிக்க முஸ்லிம்களிடையே இதுவே விவாதமாயிற்று. நாம் ஒதுங்கியிருப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்றனர் சிலர். நம் வாக்கு வேண்டும், நம் முகம் மட்டும் வேண்டாமா என்று வேறு சிலர் கேட்டனர். 2008 ஜூனில் டெட்ராய்ட் கூட்டத்தில், ஹிஜாப் அணிந்த இரு பெண்கள் மேடையின் பின்னே, தொலைக்காட்சியில் தெரியும் இடத்தில் அமரக் கூடாதென்று தேர்தல் பணித் தொண்டர்கள் தடுத்தபோது அக்கேள்வி இன்னும் கூர்மையானது. ஒபாமா அவர்களைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார்.

அமெரிக்க வரலாற்றில் இத்தகைய சோதனை புதிதன்று. 1960 இல் ஜான் கென்னடி கத்தோலிக்கர் என்பதே அவருக்கு எதிரான வாதமாக இருந்தது. கத்தோலிக்கர் மிகக் குறைவாக வாழும் மேற்கு வர்ஜீனியாவின் பிரைமரியில் அவர் நேருக்கு நேர் பேசினார்: தாம் கடற்படையில் சேர்ந்தபோது எவரும் தம் மதத்தைக் கேட்கவில்லை என்று நினைவூட்டினார். மே 10 ஆம் நாள் அங்கு பெருவெற்றி பெற்றார். கென்னடியால் "ஆம், அதனால் என்ன?" என்று கேட்க முடிந்தது, அவர் கத்தோலிக்கர். ஒபாமாவால் "ஆம்" என்று சொல்ல முடியாது. "அதனால் என்ன?" என்ற பாதியையாவது யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

அதைச் சொன்னவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். 2008 அக்டோபர் 19 அன்று, குடியரசுக் கட்சிக்காரரும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான காலின் பவல் தொலைக்காட்சியில் பேசினார். அவர் முஸ்லிம் அல்லர் என்பது சரியான பதில். ஆனால் உண்மையில் சரியான பதில், முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்பதே என்றார். ஈராக்கில் உயிரிழந்த கரீம் ரஷாத் சுல்தான் கான் என்ற இருபது வயதுப் படைவீரரின் கல்லறையையும், அதில் செதுக்கப்பட்டிருந்த பிறையையும் நட்சத்திரத்தையும் எடுத்துக் கூறினார். கென்னடி முன்வைத்த அதே நியாயம்: நாட்டுக்காகச் சாகும்போது கேட்காத மதத்தை, ஆளும்போது மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு அந்நாட்டின் அரசியல் சட்டம் முன்னரே பதிலளித்திருந்தது. எந்த அரசுப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்கிறது அதன் ஆறாம் பிரிவு. 1788 இல் வட கரோலினா மாநாட்டில், அப்படியானால் முஸ்லிம்களும் பதவிக்கு வந்துவிடுவார்களே என்று அச்சம் எழுந்தது. பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜேம்ஸ் ஐரிடெல், ஒரு பிரிவினரை விலக்கினால் மதச் சுதந்திரம் என்ற கொள்கையே அழியும் என்று விடையளித்தார். சட்டம் எழுதப்பட்டு இருநூறாண்டுகள் கடந்த பின்னும் மனங்களில் அச்சோதனை நீடித்தது.

ஒபாமா வென்றார், ஆனால் வதந்தி ஓயவில்லை. 2009 மார்ச்சில் அவரை முஸ்லிம் என்று நம்பிய அமெரிக்கர் 11 சதவீதம். 2010 ஆகஸ்டில் 18 சதவீதம் என்றது பியூ ஆய்வு நிறுவனம். அமெரிக்கப் பள்ளிவாசல் ஒன்றுக்கு அவர் அதிபராக முதன்முறை சென்றது 2016 பிப்ரவரியில், பால்டிமோரில். ஆட்சியின் எட்டாம் ஆண்டு அது.

செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஊகங்களைத் தவிர்க்கவும் அதே அத்தியாயம் பணிக்கிறது. நம்மைப் பற்றிய பொய்கள் பரவும்போது அக்கட்டளையின் அருமை நமக்கு எளிதில் புரிகிறது. பிற சமூகத்தாரைப் பற்றிய ஒரு செய்தி நம் கைப்பேசிக்கு வரும்போதும் அது புரிய வேண்டும். பொய்யைப் பரப்பாதிருப்பது முதல் கடமை. அந்தப் பொய்யின் அடியில் மறைந்திருக்கும் இழிவையும் ஏற்காதிருப்பது அடுத்த கடமை. இரண்டையும் நிறைவேற்றும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.