கெலிசா மீனும் காங்கேசன்துறையும்

நான் சிறுவனாக இருந்த காலத்தில், காங்கேசன்துறையில் எங்கள் அயலில் மலாயாப் பென்சனியர் ஒருவர் வாழ்ந்தார். பேராக் மாநிலத்தில் புகையிரதப் பகுதியில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். அங்கே புக்கிட் மேரா ஏரியில் கெலிசா என்றொரு மீன் உண்டென்றும், முள் மிகுந்ததால் அதனை எவரும் விரும்பி உண்பதில்லை என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் முழுமை பெற்றது. காங்கேசன்துறையில் ஏறிக் கொழும்பு சென்று, கப்பலில் மலாயா போன யாழ்ப்பாணத்தவர் பலர். நெல் வயல்களுக்கு நீர் பாய்ச்ச 1906இல் அமைக்கப்பட்டதே புக்கிட் மேரா நீர்த்தேக்கம். மலாயாப் புகையிரதப் பாதை அதன் குறுக்கே செல்கிறது.

பல்லாண்டுகளின் பின், சிங்கப்பூரில் ஒரு கண்ணாடித் தொட்டியில் அந்த மீனைக் கண்டேன். இப்போது அதன் பெயர் ஆசிய அரோவானா. அரிய நிறமுள்ள ஒன்றின் விலை பல்லாயிரம் டாலர்!

உண்ணத் தயங்கிய மீனுக்கு இவ்விலை எவ்வாறு வந்தது? பெரிய செதில்களும் மீசையும் கொண்ட அதனைச் சீனர்கள் டிராகனின் வடிவமாகவும், அதிர்ஷ்டத்தின் அடையாளமாகவும் கருதினர். 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை, அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தது. தடை அருமையைக் கூட்டியது. அருமை விலையைக் கூட்டியது. பின்னர், பதிவுபெற்ற பண்ணைகளில் இரண்டாம் தலைமுறையாகப் பிறந்த மீன்களுக்கு மட்டும் விற்பனை அனுமதி கிடைத்தது. அவற்றின் உடலில் மின்னணுச் சில்லு பொருத்தப்படுகிறது. உடன் சான்றிதழும் உண்டு.

வளர்ப்பதும் எளிதன்று. இனம்பெருக்கும் பருவத்தை அடையச் சில ஆண்டுகள் ஆகும். முட்டைகளோ சொற்பம். அவற்றை ஆண்மீன் வாயில் வைத்துக் காக்கிறது. ஆண், பெண் வேறுபாட்டைப் புறத்தோற்றத்தால் அறிவது கடினம்.

பண்ணைகளில் இம்மீன் பெருகிவிட்டது. ஆயினும் இயற்கை நீர்நிலைகளில் அது இன்றும் அருகிவரும் இனமே. இதனை எண்ணும்போது என் ஊரும் நினைவுக்கு வருகிறது. 1990இல் காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தனர், புகையிரதமும் நின்றது. 2015இல் புகையிரதம் திரும்பி வந்தது. எங்களவரோ உலகெங்கும் பரந்து, பெருகி, நன்றாகவே வாழ்கின்றனர். ஆனால், வேற்றிடத்தில் பெருகுவது வேறு. பிறந்த நீருக்கு மீள்வது வேறு. முன்னதற்கு விலை சொல்லலாம். பின்னதற்கு எவரால் விலை சொல்ல முடியும்?