பெரட்டுக்களமும் பந்துக்களமும்

ரியோ டி ஜெனிரோவின் பாங்கு கழகம் 1904இல் ஒரு நெசவாலையில் பிறந்தது. தோற்றுவித்தோர் பெரும்பாலும் பிரித்தானிய ஊழியர். ஆயினும் 1905இலேயே கறுப்பின நெசவாளி பிரான்சிஸ்கு கரெகால் அவ்வணியில் ஆடினார்.

மூணாறின் பின்லே கேடயத்தை இதனருகே வைத்துப் பார்க்கிறேன். 1897இல் கண்ணன் தேவன் நிறுவனத்தை அமைத்த ஜேம்ஸ் பின்லே குழுமத்தின் பெயர் அதற்கு. அங்கு மோதுபவை கழகங்களல்ல, எஸ்டேட்டுகள். ஆடுவோர் தேயிலைத் தொழிலாளர், அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். இதை நிறுவனத்தின் கொடையாக மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரட்டில் தலையெண்ணப்பட்டவர் அணிப்பட்டியலில் பெயரோடு நின்றார். தோட்டத் தொழிலாளர் வரலாறு எழுதும் நாம் கூலிப்பதிவேடுகளையே புரட்டுகிறோம், அணிப்பட்டியல்களைத் தேடியதில்லை.

மூணாறு நண்பர்களே, வீட்டில் பழைய அணிப் புகைப்படம் இருப்பின், பின்புறம் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியெடுத்து அனுப்புங்கள்.