தமிழக முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரும் இந்தியக் குடியுரிமையும்

1983 சூலை இனக்கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழ் ஏதிலியரும் அவர்களின் பிள்ளைகளும் பல மாவட்டங்களில் முகாம்களில் வாழ்கின்றனர். பெரம்பலூர் துறைமங்கலம் முகாம் அவற்றுள் ஒன்று. 2021 இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது.

1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகளும் இந்தியாவில் வாழ்ந்த அயல்நாட்டவர் குடியுரிமை கோரலாம். இந்திய வம்சாவளியினர் பதிவு மூலம் பெற 7 ஆண்டுகள் போதும். ஆனால் 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டவிரோதக் குடியேறிகளுக்கு இவ்விரு வழிகளையும் அடைத்தது. கடவுச்சீட்டு இன்றிப் படகில் வந்தோர் இவ்வகையில் வைக்கப்பட்டனர். எனவே எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அது கணக்கில் சேர்வதில்லை.

2019 ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தவருக்குக் காத்திருப்பை 5 ஆண்டாகக் குறைத்தது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.

1987 சூலை 1 க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமக்கள். இதன்படி, 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்நாளுக்குப் பின் முகாமில் பிறந்த தம்பி தங்கையர்க்கு அவ்வுரிமை இல்லை.