நீர் கேட்காத வயல்

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சிற்றாற்றங்கரையில் அமைந்த ஊர் கங்கைகொண்டான். பாண்டிய நாடு ஒரு காலத்தில் சோழர் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததை அவ்வூரின் பெயரே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கங்கை வரை படை செலுத்திய முதலாம் ராஜேந்திரன் (1014-1044) சூடிய பட்டம் அது.

அதே ராஜேந்திரன் 2022 ஏப்ரலில் கணினித் திரையில் படை நடத்த வந்தான். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்னும் விளையாட்டுக்கு அவ்வாண்டு வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கத்தில் அவன் பெயரால் ஒரு படையெடுப்புக் கதை இடம்பெற்றது. இந்த வரவை முன்வைத்து ஒரு கேள்வியை எழுப்பிப் பார்க்கலாம். விளையாடுவோர் விளையாட்டில் எவ்வளவு மெய்ம்மையை விரும்புகிறார்கள்?

அந்த விளையாட்டின் வரலாறே இதற்கு இரண்டு விடைகளைத் தருகிறது. இரண்டும் ஒன்றற்கொன்று எதிரானவை.

முதல் விடை, மிகுதியாக விரும்புகிறார்கள் என்பது. 1999இல் அது வெளியானபோது இந்தியத் துணைக்கண்டத்து அரசு ஒன்றுகூட அதில் இல்லை. ஆர்வலர்கள் தாமாகவே உருவாக்கிய ஒரு சேர்க்கை, 2013இல் 'தி ஃபர்காட்டன்' என்ற அதிகாரபூர்வ விரிவாக்கமாயிற்று. அதில்தான் 'இந்தியர்' என்ற ஒரே பெயரில் துணைக்கண்டம் முழுவதும் நுழைந்தது. சோழனும் தில்லி சுல்தானும் ஒரே படையா என்ற கேள்விக்கு 2022இல்தான் விடை கிடைத்தது. இந்தியர் என்ற பிரிவு இந்துஸ்தானியராக மாற, வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என மூன்று புதிய பிரிவுகள் பிறந்தன. தமிழரையும் கன்னடரையும் தெலுங்கரையும் 'திராவிடர்' என்ற ஒரே கூரையின்கீழ் அடைத்தது சரிதானா என்று நாம் கேட்கலாம். ஆயினும் அப்பிரிவுக்குக் கடற்படையில் வலிமையும் குதிரைப்படையில் குறைவும் வைத்ததை வரலாற்றறிவின் அடையாளமாகவே கொள்ள வேண்டும். தென்னாட்டரசர்கள் குதிரைகளைக் கடல்வழியே பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்பதையும், அவற்றுட் பல இங்கு வந்து மடிந்தன என்பதையும் 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். இல்லாமையைக் கொண்டே ஒரு நாட்டின் இயல்பைக் காட்டிவிட முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது விடை வயலில் கிடைக்கிறது. 1999ஆம் ஆண்டு விளையாட்டில் ஒரு வயலை உண்டாக்க 60 பங்கு மரம் வேண்டும். விளைச்சல் தீர்ந்தால் வயல் அழியும். மீண்டும் மரம் கொடுத்து விதைக்க வேண்டும். போருக்கு நடுவே ஒவ்வொரு வயலாகத் தேடித் திரும்ப விதைப்பது ஆடுவோருக்குச் சலிப்பூட்டிற்று. ஆகவே 2000இல் வந்த விரிவாக்கத்தில் மறுவிதைப்புக்கு முன்கூட்டியே ஆணையிட்டு வைக்கும் வசதி வந்தது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் மறுவிதைப்புத் தானாகவே நடந்தேறியது. பெயரிலும் படையிலும் மெய்ம்மை கூடக்கூட, உழவில் அது குறைந்துகொண்டே வந்தது.

ஆனால் எந்தப் பதிப்பிலும் அந்த வயல் தண்ணீர் கேட்டதில்லை. ஆறில்லாத மேட்டிலும் அது விளையும். மடை இல்லை, வாய்க்கால் இல்லை, கோடையும் இல்லை.

பிற நாட்டு அரசருக்கு இது பொருந்தலாம். ராஜேந்திரனுக்குப் பொருந்துமா? கங்கை வெற்றியின் நினைவாக அவன் எழுப்பிய வெற்றித்தூணே நீரால் ஆனது என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே அவன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் ஏரிதான் அது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கோ எட்டு அணைக்கட்டுகளையும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும் நம்பி வாழ்வது. இந்நாட்டு அரசியலின் பாதி நீர்ப்பங்கீடுதான். அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது வாளும் யானையும் மட்டுமே.

விளையாட்டு என்றால் எதையாவது விடத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. நம் திண்ணைகளில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், சில கோடுகள், அவ்வளவே. உண்மையில் எந்த ஆட்டு மந்தையும் புலியை வளைத்து முடக்கியதில்லை. எனினும் அந்த ஆட்டம் பொய் சொல்வதில்லை. தனித்து நிற்கும் எளியவன் இரையாவான், நெருங்கி நிற்கும் எளியவர் வலியவனை அசையவிடாமல் செய்வர் என்ற உறவு அதில் பிசகாமல் இருக்கிறது. பல்லாங்குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் 'பசு' என்கிறோம். புளியங்கொட்டைக்குக் கொம்பு முளைக்க வேண்டுமென்று யாரும் கேட்டதில்லை.

ஆக, உருவத்தில் ஒப்புமை இல்லாமற்போவது குற்றமன்று. பொருள்களுக்கிடையே உள்ள உறவு அறுந்துபோவதே குற்றம். நிலத்துக்கும் நீருக்கும் உள்ள உறவு அந்த வயலில் அறுந்துவிட்டது.

உழைப்பை அப்படியே காட்டினால் யார் ஆடுவார்கள் என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. 2020இல் 'சகுனா' என்னும் ஜப்பானிய விளையாட்டு வந்தது. அதில் நிலத்தைக் கொத்தி, நாற்று நட்டு, பருவத்துக்கேற்ப நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்து, கதிரடித்து, உமி நீக்கினால்தான் கதைத்தலைவிக்கு வலிமை கூடும். ஆடியவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைத் தேடிச் சென்று நெற்சாகுபடிக் குறிப்புகளைப் படித்து வந்து ஆடினார்கள். செய்யும் வேலைக்கு விளைவு உண்டென்றால் அந்த வேலையே ஆட்டமாகிவிடுகிறது. மறுவிதைப்பு சலித்ததற்குக் காரணம், அதில் முடிவெடுக்க ஒன்றுமே இருக்கவில்லை என்பதுதான்.

இது திரையோடு முடிந்துபோகும் வாதமன்று. கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீரைத் தரலாமா என்பது நீண்ட காலம் வழக்காடப்பட்ட செய்தி. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பின் நியாயங்களை இங்கே ஆராயப் புகவில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு நீர் என்பது அவ்வூரில் இன்றும் உயிர்ப்பான கேள்வி. அதே ஊரின் பெயருக்குரிய மன்னனைத் திரையில் நடத்தும் ஒரு சிறுவன், வயல் என்பது மரம் கொடுத்தால் கிடைப்பது என்று கற்றுக்கொண்டு எழுகிறான்.

உறுமி வாளின் வளைவை மட்டும் மேலும் துல்லியமாக்கிக்கொண்டே போவதால் இந்தக் குறை தீராது. மேல்மடைக்காரன் திறந்தால் கடைமடைக்காரன் காய்வான் என்ற ஒரே ஒரு விதி போதும். அப்படி ஓர் ஆட்டம் அமைந்தால் அதில் அரசனைவிட நீர்பாய்ச்சிக்கே வேலை அதிகம் இருக்கும். சோழகங்கம் வெட்டுவித்தவன் அதைக் குறையென்று கருதியிருக்க மாட்டான்.